உள்காவல் இல்லாத வயிறு

திருப்பூரில் இரண்டு பெண்கள் எதிர்ப்பட்டால், சாப்பாட்டைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை.

"காவல் சுத்தமா அம்மிணி?" என்றாள் லிஃப்டில் நின்ற பக்கத்து வீட்டுக் கனகவேணி.

"சுத்தமுங்க்கா," என்றாள் யாழ்மொழி.

பொய். மாதக்கணக்கில் சொல்லிவரும் பொய். எல்லா வீட்டுக் குளியலறைச் சுவரும் காலையில் காவலின் அறிக்கையைப் பேசிச் சொல்லும்; அவள் வீட்டுச் சுவர் மட்டும் எதுவும் சொல்வதில்லை. அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உள்காவல் என்பது கருப்பைக்குள் குடியிருக்கும் நுண்பொறிக் கூட்டம். பெண் பருவமடைந்த வருடமே ஊசியில் செலுத்திவிடுவார்கள். உள்ளே புதிதாக எது முளைத்தாலும் கரைத்துவிடும். நார்க்கட்டி, ஓயாத உதிரப்போக்கு, கருப்பையையே எடுத்தெறியும் ஆபரேஷன் எல்லாம் ஒரே தலைமுறையில் ஒழிந்தன. நல்ல காரியம்தான். ஆனால் முளைப்பது கட்டியா கருவா என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. குழந்தை வேண்டுமென்றால் முதலில் காவல்நீக்கம் செய்ய வேண்டும். அதுவும் ஒருத்திக்கு இரண்டு முறைதான். அதற்கு மேல் போனால் கருப்பைச் சுவர் தாங்காது.

மற்றவர்களுக்கு ஒரு நீக்கமே போதும். யாழ்மொழியின் உடம்பு வேறு மாதிரி. முதல் முறை காவல் போனதும் மூன்று கட்டிகள் முளைத்து, கரு தங்க இடமில்லாமல் உள்ளறையை அடைத்துக்கொண்டன. காவலைத் திரும்ப வரவழைத்துக் கரைத்தார்கள். இது இரண்டாவது முறை, கடைசி முறை. இப்போதும் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. "போதும், உட்ரு," என்றான் கணவன் பரிதி. காவல் இல்லை என்று வெளியே சொன்னால், குழந்தைக்கு முயல்கிறாள் என்று பொருள். பிறகு தினமும் லிஃப்டில் விசாரணை நடக்கும். இன்றோடு அந்தப் பொய்க்கும் வேலையில்லை. காவலைத் திரும்பப் போட்டுக்கொள்ளத்தான் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் ஊசி தயாராக இருந்தது. செலுத்துவதற்கு முன் ரத்தம் பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள். பிறகு ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டர் நஸ்ரீன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உட்காருங்க."

"உட்கார்ந்துதானுங்க இருக்கேன்."

"ஆமா." டாக்டர் திரையைத் திருப்பினார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு நிழல். அதன் ஓரத்தில், ஒதுங்கி நிற்பது போல, மிளகளவில் இன்னொன்று. "பெருசு கட்டி. சின்னது கரு. தங்கிருச்சு."

யாழ்மொழி திரையை நோக்கிக் குனிந்தாள்.

"பெருசை மட்டும் கரைக்க முடியாதுங்களா?"

"காவலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"கத்தி வெச்சு?"

"கர்ப்பத்துல அதுல கை வெச்சா ரத்தம் நிக்கறது கஷ்டம்னு படிச்சிருக்கேன். அந்தக் காலத்துல பெரும்பாலும் அப்படியே விட்டுக் கவனிச்சிருக்காங்க. நிறையக் குழந்தைங்க நல்லாவே பொறந்திருக்கு. சிலது தங்கல."

"நீங்க எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கீங்க?"

"ஒருத்தரையும் இல்ல."

அந்தப் பதில் யாழ்மொழிக்குப் பிடித்திருந்தது. அன்று காலையிலிருந்து அவள் கேட்ட முதல் உண்மை அது.

"கட்டியும் கூடவே வளரலாம். வலிக்கும்னு எழுதியிருக்கு," என்றார் டாக்டர். "எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தாள். சாம்பல் நிறத் திரவம். அதைப் போட்டுக்கொண்டால் நாளைக் காலை சுவர் பேசும். வலி போய்விடும். மிளகும் போய்விடும்.

"இதைத் திரும்ப எடுத்து வெச்சுருங்க."

"வைக்க முடியாது. திறந்தாச்சு. கொட்டத்தான் வேணும்."

"கொட்டிருங்க."

திரும்பி வந்தபோது லிஃப்டில் கனகவேணி காய்கறிப் பையுடன் ஏறினாள். "என்ன அம்மிணி, மூஞ்சி வெளுத்திருக்கு? காவல் சுத்தந்தானே?"

"இல்லைங்க்கா. உள்ள ரெண்டு வளருது. ஒண்ணு கட்டி, ஒண்ணு கொழந்தை. எது எதை வாழ உடும்னு தெரியல."

சொல்லி முடிப்பதற்குள் வலி வந்தது. யாழ்மொழி இரண்டாக மடிந்து சுவரில் சாய்ந்தாள்.

கனகவேணி இரண்டு பிள்ளை பெற்றவள். இரண்டும் ஊசி போட்டு மரத்துப்போன இடுப்போடு நடந்த பிரசவங்கள். வலியில் சுருண்ட ஒரு பெண்ணை அவள் பக்கத்தில் பார்த்ததே இல்லை. கையை நீட்டினாள். தோளைத் தொட்டாள், சுட்டது போல எடுத்துக்கொண்டாள், மறுபடி தொட்டாள்.

"நான் என்ன பண்ணோணும்?"

"தெரியலைங்க்கா," என்றாள் யாழ்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு. "சும்மா நில்லுங்க."

அவர்களுடைய மாடி வந்தது. கதவு திறந்து, கொஞ்சம் காத்திருந்து, மூடிக்கொண்டது. கனகவேணி காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.