சஹனில் நான்காவது குழி

கதை எழுதத் துணிந்தமைக்கு வாசிப்போர் முதலில் பொறுத்தருள வேண்டும். பள்ளிக் கட்டுரைகளையும் விடுப்பு விண்ணப்பங்களையும் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. சொல்லில் குறையிருப்பின் அது எழுதிய கையின் குறை. எழுதாமல் இருந்துவிடவே விருப்பம்; இருக்க இயலவில்லை.

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பகலுணவு முடிந்து கை கழுவ எழுந்தபோதுதான் சுஹைனா அதைக் கண்டாள். சஹனில் எஞ்சியிருந்த சோற்றில் நான்கு குழிகள் இருந்தன. உண்டவர்கள் மூன்று பேர்.

சஹன் என்பது கலியாணப் பந்தியில் பலர் சுற்றியமர்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு. வாப்பா காஜா நஜ்முதீன் தோஹாவுக்கு வேலைக்குச் சென்ற பின், ஒன்பது வயது இஃபாத் தனித்தட்டில் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைச் சகியாமல், உம்மா ஆரிபா அதைப் பரணிலிருந்து இறக்கினார். அன்றுமுதல் தினமும் அதில்தான் சாப்பாடு. ஒருபுறம் உம்மா, ஒருபுறம் இஃபாத், எதிரே மூத்தவள் சுஹைனா. சுவரை ஒட்டிய நான்காம் புறம் வாப்பாவுடையது. அங்கே எவரும் உட்காருவதில்லை.

“உம்மா, வாப்பா பக்கத்துல யாரு தின்னது?” என்றாள் இஃபாத்.

“வேற யாரு, நீதான். ஒன் பக்கம் பத்தாம ஊரு பூரா மேயிறே.”

“நான் ஒண்ணுமில்ல. என் கை இத்தாம் பெருசா இருக்கா, பாருங்க.” சின்னவள் தன் உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்துக் காட்டினாள். கை அதில் பாதியைக்கூட நிறைக்கவில்லை.

உம்மா சிரித்துக்கொண்டே சஹனைக் கழுவ எடுத்துப் போய்விட்டார். சுஹைனாவின் அச்சத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவள் எவரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள். சுவர்ப்பக்கமாகச் சோற்றைத் தள்ளி வைத்தவள் அவள்தான். அது அங்கே மிஞ்சிக் கிடந்தால் என்றாவது உம்மா கேட்பார். இப்போது கேட்கமாட்டார்.

ஜூன் மாதம் ஒரு கலியாண வீட்டில், தூரத்து உறவான மாமி ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆரிபா, ஒம் மவளுக்குக் கட்டில் செய்யிறப்ப ஆசாரிகிட்ட இப்பவே சொல்லி வச்சிடு. சாதாக் கட்டில் தாங்காது” என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். தானும் சிரித்தால் அது முடிந்துவிடும் என்று சுஹைனாவும் சிரித்தாள். முடியவில்லை. அன்று பந்தியில் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. சில நாட்களில், இறங்கக் கூடாது என்று அவளே காவல் இருக்கத் தொடங்கினாள். பலர் கை வைக்கும் தட்டில் யார் எவ்வளவு உண்டார் என்பது தெரிவதில்லை. பிசைவாள், உருட்டுவாள், விரல்களை உதட்டருகே கொண்டுபோவாள், பேச்சு வேறுபக்கம் திரும்பும்போது உருண்டையைச் சுவர்ப்பக்கம் ஒதுக்குவாள். நான்கு மாதம் இப்படி நடந்தது. தலைசுற்றல் வந்தது. பாடம் இரண்டு வரிக்கு மேல் மனத்தில் நிற்கவில்லை. காரணமின்றி அழுகை வந்தது. சில நாட்களில் அழுகையும் வரவில்லை. பள்ளியில் தோழி விஷ்ணுப்ரியா அவள் கையைப் பிடித்துவிட்டு, “என்னடி இது, ஐஸ் பெட்டில வச்ச மாதிரி இருக்கு” என்று கேட்டாள். அதற்குப்பின் சுஹைனா அவளருகே உட்காருவதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கடற்காற்று மழையைச் சாய்த்துக் கொணர்ந்து சன்னல் மரத்தில் அறைய, வீட்டுக்குள் கொடியில் தொங்கிய காயாத துணிகளின் புழுங்கிய வாடையும், வடிகால் நிரம்பித் தெருவில் ஏறிய நீரின் சேற்று வாடையும், உலையில் கொதிக்கும் அரிசியின் வெம்மையும் ஒன்றாய்க் கலந்து நின்றன. அந்த மழையோசைக்கு அடியில், மூவரும் குனிந்து உண்ணும் பொழுதில், யாரோ விரல்களை ஒவ்வொன்றாய்ச் சூப்பும் மெல்லிய ஓசை சுவர்ப்பக்கமிருந்து வருவதைச் சுஹைனா கேட்டாள். அவள் நிமிரவில்லை. ஒதுக்கிய உருண்டை கண்ணெதிரே குறைந்தது.

மறுநாள் அவள் பள்ளிச் சீருடையின் வலது கைப்பட்டியில் தால்ச்சாக் குழம்பின் கறை இருந்தது. துவைத்து மடித்து வைத்தபின் அவள் அதை உடுத்தியிருக்கவில்லை. தொளதொளத்துப் போனதென்று இருமுறை பிடித்துத் தைத்திருந்த அக்குள் தையல், உள்ளிருந்து எதுவோ நெருக்கியதுபோல் பிரிந்திருந்தது. அவள் அதைக் கட்டிலுக்கடியில் மறைத்தாள்.

வியாழக்கிழமை காலை, உம்மா இறால் உரித்துக்கொண்டே சொன்னார்: “பஜ்ரு தொழுகைக்கு முந்தி வந்து எம் பக்கத்துல படுத்துக்கிட்டியே, சின்னப்புள்ளையாட்டம். ஒடம்பு என்னா கதகதப்பு. இப்பதான்டி ஒனக்குச் சதை புடிச்சிருக்கு, மாஷா அல்லாஹ்.”

சுஹைனாவோ முந்தைய இரவு முழுதும் தன் அறையில், இரண்டு போர்வைக்குள், உறைந்த பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி விழித்துக் கிடந்தாள். எழுந்திருக்கவேயில்லை.

“உம்மா.”

“என்ன புள்ள?”

“நான் சாப்புடுறதில்ல.”

“எப்ப?”

“எப்பவுமே. சஹன்ல கை மட்டும்தான் வைப்பேன். நாலு மாசமா.” இதைச் சொல்லிவிட்டால் வீடே இடிந்துவிடும் என்று அவள் அஞ்சியிருந்தாள். சொன்னபின் மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது.

உம்மா அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மூணு ஆளுக்கு ஆக்குறேன். இப்பல்லாம் ஒரு பருக்க மிஞ்சுறதில்ல. அப்ப நானும் இந்தப் பொடுசுமா அத்தனையும் முழுங்குறோம்? வாப்பா போன் பண்ணுனா சொல்லு, நல்லா சிரிப்பாரு.”

“இல்ல உம்மா, என் கையப் பாருங்களேன்.”

அவள் நீட்டிய கையில் உம்மா இறால் சட்டியை வைத்தார். “இதுல மஞ்சளும் உப்பும் போட்டுப் பெரட்டு. நாளைக்கு நெய்ச்சோறு.”

அன்று மாலை முழுதும் சுஹைனா ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்தாள். தான் தள்ளும் சோற்றில்தான் அது வளர்கிறது. தன் பங்கைத் தானே உண்டுவிட்டால் அதற்கு இங்கே இடமிருக்காது. நாளை, உம்மா பார்க்க, உண்டுவிட வேண்டும். அப்படி முடிவு செய்தவுடன் நான்கு மாதத்தில் முதன்முறையாக அவளுக்குப் பசித்தது. வலிக்கும்படி பசித்தது.

வெள்ளிக்கிழமை மழைக்காகப் பள்ளி விடுமுறை. மின்சாரமும் இல்லை. நண்பகல் அந்திபோல் கிடந்தது. நெய்யில் பொரிந்த பட்டையும் கிராம்பும் கூடமெங்கும் மணக்க, சுஹைனா பின்கட்டில் கை கழுவினாள். வற்றிய விரல்களின்மேல் நீர் ஓடியது. திரும்பி வந்தாள்.

தொடங்கியிருந்தார்கள்.

உம்மா. இஃபாத். அவளுடைய இடத்தில் ஒருத்தி.

முதுகு தெரிந்தது. உருண்ட தோள்கள். தடித்த பின்னல். ஜூன் மாதத்தில் கண்ணாடி முன் நின்று அவள் கிள்ளிக் கிள்ளி வெறுத்த அதே தோள்கள். அக்குள் தையல் பிரிந்த சீருடை. அதன் வழியே பிதுங்கிய, மினுங்கும் சதை. வெப்பம் இங்கு வரை வந்தது.

“உம்மா” என்றாள். மழைதான் கேட்டது.

வேறு இடமில்லை. சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். கையைச் சோற்றில் வைத்தாள். அள்ளினாள். இறுக்கிப் பிடித்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

கையில் ஒன்றுமில்லை.

மீண்டும் அள்ளினாள். ஒன்றுமில்லை. சோறு கலையக்கூட இல்லை.

இஃபாத் மெல்வதை நிறுத்தினாள். சுவர்ப்பக்கம் வெறித்துப் பார்த்தாள். உம்மாவின் தொடையோடு ஒட்டிக்கொண்டாள்.

“வாயத் தொற, சுஹைனா” என்றார் உம்மா. கையில் ஒரு கவளம். அதன்மேல் பெரிய இறால்.

சுஹைனா வாயைத் திறந்தாள்.

கவளம் அவளைக் கடந்து போனது. அந்த மற்றொரு வாய் அதன்மேல் மூடியது. கவளத்தின் மேல். விரல்களின் மேல். கணுவரை.

“பொறுமையாத் தின்னு மவளே, வெரலையும் சேத்து முழுங்கிடாத.” உம்மா சிரித்தார். கையை இழுக்கவில்லை. இழுக்க முயலவும் இல்லை. அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. அந்த வாய் அசைந்தது. மெல்ல. மெல்ல. கண்கள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுஹைனாவைப் பார்த்தன.

ஜூன் முதல் நவம்பர் வரை அந்த வீட்டில் இழந்தவை: சீப்பில் வந்த முடி, ஒரு பை நிறைய. மாதவிலக்கு, மூன்று முறை. மாதத் தேர்வுகள், இரண்டு. விஷ்ணுப்ரியா என்னும் தோழி ஒருத்தி. உம்மாவின் வலக்கையில் இரண்டு நகங்கள். எப்படிப் போயின என்று அவருக்கு நினைவில்லை. ஆள் எவரும் குறையவில்லை. பகலுணவுக்கு மூன்று பேர் உட்காருகிறார்கள்.