வலப்பக்கக் கண்ணாடி

1926 ஜனவரி, காலை எட்டு மணி. இலங்கை மலைநாட்டில், பதுளையிலிருந்து எல்லவுக்கு ஏறும் சாலையின் ஒரு வளைவில், பாறையடியில் சின்னப் பிள்ளையார் கல். அதைக் கும்பிட இறங்கிய விசாலாட்சியை அவள் கணவனின் கார் பாறையோடு வைத்து நசுக்கியிருந்தது. சாலை வேலையாட்கள் காரைப் பின்னால் தள்ளி, உடலைத் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் இத்ரூஸ் குனிந்து அவள் விரல்களைப் பிரித்தார். இடக்கையில் கற்பூரம். வலக்கை நகங்களுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தார். துணி துவைக்கும் சவுக்காரம். உடலைக் கம்பளியால் மூடச் சொன்னார்.

அவள் கணவன், பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜெயராசா, நடுங்கிக்கொண்டு நின்றான்.

"குளிருதா முதலாளி? கார்லயே உக்காந்து பேசுவோம்."

ஜெயராசா ஸ்டியரிங் முன்னால். இடப்பக்கம் இத்ரூஸ். பின்னால் கான்ஸ்டபிள் வீரய்யா. கதவும் கண்ணாடிகளும் அடைத்தாயிற்று.

"என்ன நடந்துச்சு?"

"சாமி கும்பிட இறங்குனா. நான் காரை ஓரங்கட்டுனேன். அவ நின்னது தெரியல."

"பனி இல்லையே. ரோட்டு வேலைக்காரங்க தூரத்துல இருந்தே அவங்க நின்னதைப் பாத்திருக்காங்க."

"வெளிய இல்லீங்க. முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடிச்சிருச்சு. ஒரே வெள்ளை."

"துடைக்கலையா?"

"துடைக்கத் துடைக்க மூடிக்கிது."

"பண்டாரவளைப் புஷ்பத்தை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறீங்களாமே?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. உங்க சம்சாரம் சம்மதிச்சாங்களா?"

"அவ வீட்டை விட்டுப் போகமாட்டேன்னா. அதுக்காக?"

வெகுநேரம் மூவரும் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முதலாளி, முன்கண்ணாடியில என் பக்கத்தைப் பாருங்க."

முழுக்க வெள்ளை.

"இப்ப உங்க பக்கம்."

ஜெயராசா நிமிர்ந்தான். அவனுக்கு நேரே கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதன் வழியே பாறையும், கம்பளியும், கம்பளிக்கு வெளியே நீண்ட மெட்டிக்காலும் தெரிந்தன.

"காஞ்ச சவுக்காரத்தைத் தேச்சுத் துடைச்சா ஆவி பிடிக்காது. உங்க பக்கம் மட்டும் தேச்சிருக்கு. நீங்க தேச்சிருந்தா இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டீங்க. அவங்க நகத்துல இன்னும் சவுக்காரம் இருக்கு. உங்க கண்ணுக்குப் பாதை தெரியணும்னு செஞ்சிருக்காங்க. சாமி கும்பிட நின்ன பொம்பளையை நீங்க நல்லாப் பாத்துத்தான் ஏத்துனீங்க."

வீரய்யா விலங்கை எடுத்தான்.

ஜெயராசா அழவில்லை. தெளிந்த கண்ணாடியையே வெறித்தான். அவன் முகத்தில் எரிச்சல்தான் ஏறியது.

"செஞ்சவ, சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றான்.