மேசை விளிம்பில் ஒரு குளம்

சித்தி விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதில் வாலுவுக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரே ஒரு சிக்கல்தான். சித்திக்குக் குளம் அகப்படவில்லை.

தாழப் பறக்கும் பாடம் அது. மரங்களுக்குக் கொஞ்சம் மேலே பறந்து, வட்டக் குளம் வந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எதிரே குன்று. வரைபடத்தில் குளம் நீலமாகப் பளிச்சென்று இருந்தது. பறக்கும்போதுதான் யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர்தான் விமானத்தை மேலே தூக்க வேண்டியிருந்தது.

அந்த வழியைக் குறித்தவர் பயிற்சிப் பள்ளியின் தலைவர். அவர் நடந்தால் சட்டைப் பதக்கங்கள் சாவிக்கொத்து மாதிரி ஒலிக்கும். ஒரு காலத்தில் மேகத்துக்கு மேலே பறந்தவர். இப்போது நாற்காலிக்கு மேலே பறப்பதில்லை. குளத்தைத் தவறவிட்டவர்களை எல்லாம் அவர் கண் டாக்டரிடம் அனுப்பினார். எல்லோருக்கும் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். டாக்டரின் கண்ணையும் யாராவது பார்ப்பது நல்லது என்றார் தலைவர்.

“நாளைக்கு அவரே கூட வர்றாராம்,” என்றாள் சித்தி. “நாளைக்கும் குளத்தை விட்டுட்டா, பள்ளியை விட்டே அனுப்பிடுவாராம்.”

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சித்தி வரைபடத்தை மேசையில் விரித்து, நின்றபடியே குளத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் பதிலுக்கு முறைத்தது.

வாலு கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தாள். எழும்போது அவள் கண் மேசை விளிம்புக்கு நேராக வந்தது. அப்படியே நின்றுவிட்டாள். இவ்வளவு பெரிய தட்டு வெறும் கோடாகிவிட்டிருந்தது. தண்ணீர் ஜாடி மட்டும் கோபுரம் மாதிரி நின்றது.

“சித்தி, தாடையை மேசைமேல வை.”

“விளையாட இப்போ நேரமில்ல வாலு.”

“வையேன்.”

சித்தி வைத்தாள்.

“தட்டு தெரியுதா?”

“இல்ல.”

“ஜாடி?”

சித்தி நிமிர்ந்தாள். சட்டென்று பென்சிலை எடுத்தாள். குளத்துக்குப் பக்கத்தில், வலப்புறம், உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று வரைபடத்தில் புள்ளியாக இருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“தொட்டியில மோதிட்டா?” என்று வாலு கேட்டாள்.

“அதுக்குத்தான் முதல்ல அதைத் தேடணும். தூரத்துலயே பார்த்துட்டா, தள்ளியே இடப்பக்கம் திரும்பிடலாம்.”

மறுநாள் வாலுவின் பள்ளிக்கு விடுமுறை. அவளும் கூடப் போய்ப் பயிற்சிப் பள்ளி வகுப்பறையில் காத்திருந்தாள். விமானம் இறங்கியதும் தலைவர் விறுவிறுவென்று வகுப்பறைக்குள் வந்தார். சித்தி சரியான இடத்தில்தான் திரும்பியிருக்கிறாள். ஆனால் வழி முழுக்க ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்த தலைவருக்குக் குளம் தெரியவில்லை. தனக்கே தெரியாதது ஒரு மாணவிக்கு எப்படித் தெரியும், இது குருட்டு அதிர்ஷ்டம், அதற்கெல்லாம் தேர்ச்சி கிடையாது என்றார்.

சித்தியின் முகம் வாடியது. வாலு மேசையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்தாள். தலைவரின் காபிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன் சாசரை மட்டும் குளத்தின் மேல் வைத்தாள். தொட்டியின் மேல் பசைப் புட்டியை நிறுத்தினாள்.

“சார், ஒரு தடவை தாடையை இங்க வச்சுப் பாருங்களேன்.”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். மாணவர்கள் எல்லோரும் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்கள். கஞ்சி போட்ட காலர் குனிய விடவில்லை. மேல் பொத்தானைக் கழற்றினார். பதக்கங்கள் மேசையில் இடித்தன. தாடை மெல்ல இறங்கியது.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றதை.

“குளத்தைக் காணோம்,” என்றார் தலைவர் மெதுவாக. “புட்டிதான் தெரியுது.”

எழுந்திருக்காமலே கையை நீட்டி, சித்தியின் தேர்வுத் தாளை வாங்கி, ‘தேர்ச்சி’ என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. தாடையை மேசையில் வைத்துக்கொண்டு எழுதினால் யாருக்கும் அப்படித்தான் விழும்.