சுவருக்கு அந்தப் பக்கம்

அன்று காலை ஒரு வளைகூடத் திறந்திருக்கவில்லை.

தோட்டத்து எலிவளைகளை அவள் சாயங்காலம் பிசைந்த மண்ணால் அடைத்துவிடுவாள். காலையில் எது திறந்து கிடக்கிறதோ அதற்குள் எலி இருக்கிறது என்று அர்த்தம். அதில்தான் மருந்து வைக்க வேண்டும். எப்போதும் பாதியாவது திறந்து கிடக்கும். இன்று தக்காளிப் பாத்தியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை அத்தனை அடைப்புகளும் அவள் விரல் தடம் கலையாமல் ஈரமாக இருந்தன. குனிந்து முகர்ந்தாள். பச்சை மண் வாசனை, அதற்கடியில் லேசாக மூத்திர நெடி. சந்தோஷப்படத் தோன்றவில்லை. நேற்று கடைசி வளையை அடைக்கும் முன், எரிச்சலில் அதன் மேல் வாயை வைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அந்தப் பக்கம் போங்க. எல்லாம் அவளுக்குத்தானே நல்லா காய்க்குது."

அந்தப் பக்கம் என்பது இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் தங்கையின் தோட்டம். அதே மண், அதே தண்ணீர். ஆனால் அங்கே பூசணி குடம் குடமாகக் காய்த்தது. அங்கே ஒரு சிரிப்பும் இருந்தது. அது கேட்டால் இவள் கணவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலுக்குப் போவான்.

இன்றும் கேட்டது.

"அக்கா! உன் வீட்டு எலிங்க குடும்பத்தோட இங்க குடி வந்துடுச்சு. ஒரு பூசணி மிச்சமில்ல. வாடகைய யார்கிட்ட வாங்குறது, உன்கிட்டயா, மாமாகிட்டயா?"

தோட்டமே போன பிறகும் சிரித்தாள்.

"மாமாகிட்டயே வாங்கிக்க, கொழுந்தியா!" கணவன் மண்வெட்டியோடு சுவரைத் தாண்டினான். இவள் பாத்தியில் ஒருநாளும் மண்வெட்டியைத் தொடாதவன்.

சமையலறை ஜன்னலில் நின்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்: மண்வெட்டி விழும் சத்தம், கல்லில் பட்டு அது சிணுங்குவது, பிறகு வெட்டு நின்று தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு, பேச்சின் முடிவில் தப்பாமல் அந்தச் சிரிப்பு, மறுபடி வெட்டு.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் இறங்கிப் போய் தொட்டியோர வளையைத் தோண்டித் திறந்தாள். உள்ளிருந்து காற்று வெதுவெதுப்பாக வந்தது, யாரோ மூச்சை அடக்கிக் காத்திருந்ததைப் போல.

"அந்தச் சிரிப்ப எடுத்துட்டு வந்து எனக்குக் குடுங்க."

அடைத்தாள். உள்ளங்கையால் அழுத்தினாள்.

விடிந்ததும் அந்த வளை மட்டும் திறந்திருந்தது. மண் வெளியே தள்ளப்பட்டிருந்தது. மருந்தோடு குனிந்தாள்.

உள்ளே சிரிப்பு.

சின்ன வயதில் ஒரே போர்வைக்குள், அம்மா விழித்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு தங்கை சிரிப்பாளே, அதே சிரிப்பு. மண்ணை அள்ளி அடைத்தாள். மிதித்தாள். தக்காளிப் பாத்திக்கு அடியில் கேட்டது. அங்கே ஓடினாள். காலுக்குக் கீழேயே கேட்டது.

கணவன் தூக்கக் கலக்கத்தோடு வந்தான். "உன் தங்கச்சி வந்திருக்காளா? சிரிக்கிற சத்தம் கேக்குதே."

அவன் தேடினான். தொட்டியோரம், அடைப்பு மறுபடி திறந்து கிடந்தது. ஈர மண்ணில் குப்புறப் படுத்து வளையில் காதை வைத்தான். அவன் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் இவளைப் பார்த்து ஒருமுறைகூட அப்படி மலர்ந்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை வந்து நின்றாள். கண்களில் நீர்.

"என்னடி?"

தங்கை வாயைத் திறந்தாள். சத்தமில்லை. நாக்கில்லை. பல்லில்லை. வட்டமாக, புதிதாகத் தோண்டிய ஈர வளை. பக்கங்களில் நகக் கீறல்கள். ஆழத்தில் ஏதோ திரும்பிப் படுத்தது.

தங்கை கையை நீட்டினாள். அதில் ஒரு உருண்டை, பிசைந்த மண். மறு கையால் தன் வாயைக் காட்டினாள்.

பின்னால் கணவன் வளைக்குள் ஏதோ கிசுகிசுத்தான். வளை சிரித்தது.

அவள் மண்ணை வாங்கிக்கொண்டாள்.