ஒற்றை விசில்

"அது பாறைதானுங்க்கா. நீங்கதான சொன்னீங்க?"

"நாஞ் சொன்னா அப்படியே அமுக்கிருவியா? உனக்குக் கண்ணு இல்லியா ஷாலினி?"

"மூணு செகண்டுக்கு ஒரு படம் பாக்கறவளுக்குக் கண்ணு எங்கீங்க்கா மிச்சமிருக்கும்? பிரீத்தியும் உங்களக் கேட்டுத்தான் அமுக்குனா. இப்ப வந்து எங்களக் கேக்கறீங்க." ஷாலினி சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள். "வாங்க, எல்லாரும் டீக்குப் போறோம். உங்க கப்பலு எங்கயும் ஓடிறாது."

கலைமணி போகவில்லை.

குமாரபாளையத்தில், ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் எட்டுக் கணினிகள் போட்ட அலுவலகம் அது. வட அட்லாண்டிக்கில் ஒரு தேடல் கப்பல் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். திரும்பி வரும் எதிரொலி கடலின் தரையைப் படமாக வரையும். படங்கள் இங்கே வந்து சேரும். மணல், பாறை, குழாய், கப்பல் என்று நான்கு பொத்தான்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து அமுக்க வேண்டும். மூவரும் ஒன்றையே சொன்னால் படம் பூட்டிக்கொள்ளும். ஆனால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குள் தனித்தனி ஏது? "அக்கா, இதென்ன?" என்பார்கள். கலைமணி எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அவளும் கடலைப் பார்த்ததில்லை.

வேலையோடு வந்த குறிப்பின் கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எல்லாம் முடிந்த நிம்மதியில் இன்றுதான் அவள் படித்தாள்.

1943 மார்ச். தோர்விக் என்ற நார்வே சரக்குக் கப்பல், கூட்டமாகப் போன கப்பல்களில் ஒன்று. நீர்மூழ்கியின் குண்டு பட்டு நான்கே நிமிடத்தில் மூழ்கியது. கப்பலோடு போனவர்கள் முப்பத்தாறு பேர். அவர்களுடைய மிதவைச் சட்டைகளில், தோள் பக்கம், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கழுத்தில் ஒரு விசில். பின்னால் வந்த கப்பலின் மாலுமி ஒருவன் எழுதி வைத்திருந்தான்: 'இருட்டில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தோம். விசில் சத்தம் கேட்டது. நிற்கக் கூடாது என்று உத்தரவு. கடந்து போனோம்.'

தேடிக்கொண்டிருப்பவர்கள் அந்த முப்பத்தாறு பேரின் பேரப்பிள்ளைகள். கிடக்கும் இடம் தெரிந்தால் அங்கே போய் ஒரு பூவாவது போடலாம் என்றுதான். இன்று மாலை ஐந்து மணியோடு தேடல் முடிகிறது.

மணி நாலே முக்கால்.

வெயில் கூசாமலிருக்கத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்த அறையில், ஷாலினியிடம் கேட்ட அந்தப் படத்தை அவள் மறுபடி திறந்தாள். பூட்டிய படத்தைப் பார்க்கலாம், மாற்ற முடியாது.

பாறைக்கு நேர்க்கோடு கிடையாது.

இதற்கு இருந்தது. அளவெடுத்து அறுத்தது போன்ற ஓர் ஓரம். அதன் நிழலில் ஒடிந்து கிடக்கும் கம்பம். இதைத்தான் மூன்று நொடி பார்த்துவிட்டு, பாறை என்று சொல்லி, அடுத்த படத்துக்குப் போயிருந்தாள்.

அவளும் கடந்து போயிருந்தாள்.

கரண்ட் போனது. கீழே, எதிரே, தெரு முழுக்க எல்லாத் தறிகளும் ஒரே மூச்சில் நின்றன. அந்த ஊரில் அமைதி என்பது அடிக்கடி வரும் விருந்தாளியல்ல. வந்தால் காது வலிக்கும். பேட்டரியில் கணினித் திரைகள் மட்டும் விழித்திருந்தன.

விசில்.

ஒரே ஒரு தடவை. நீளமாக.

பஸ் கண்டக்டர் என்று நினைத்தாள். ஒற்றை விசில் என்றால் நிறுத்து. இரட்டை என்றால் போகலாம். இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அந்தச் சந்துக்குள் பஸ்ஸே வராது என்பது பிறகுதான் உறைத்தது.

மறுபடியும் விசில்.

இந்த முறை அறைக்குள்.

மே மாத வியர்வை முதுகில் சில்லிட்டது. கப்பென்று எண்ணெய் வாடை. அதனுள்ளே நனைந்த கம்பளியின் வாடை. உதட்டை நக்கினாள். உப்புக் கரித்தது.

படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

எதிரொலிப் படங்களில் சிவப்பு என்ற நிறமே கிடையாது. எல்லாம் சேற்றுப் பழுப்புதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று எரிந்தது. பிறகு இன்னொன்று.

சேலத்தில் இருந்த மேற்பார்வையாளர் தனசேகரைப் போனில் அழைத்தாள்.

"சார், ஒரு படத்தப் பூட்டுத் தொறந்து குடுங்க சார். பாறை இல்லீங்க. கப்பலுங்க."

"ஏம்மா கலை, கனாக் கண்டியா? மூணு பேரும் பாறைன்னு அமுக்கியிருக்கறீங்க."

"நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். தப்பு எம்மேலதான்."

"அத வெளிய சொன்னா வேல குடுத்தவன் அத்தன படத்தையும் செல்லாதுன்னுருவான். எட்டுப் பேத்துக்கும் வேல போயிரும். எம்பது வருசமாக் கெடக்கறவிய இன்னுங் கொஞ்சம் கெடக்கட்டும். விடு சாமி."

"அவிய கூப்புடறாங்க சார்."

 அவர் குரல் தாழ்ந்தது.

"யாரு அங்க விசில் ஊதறது?"

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

திரையின் மூலையில், வரைபடத்தின்மேல் தேடல் கப்பலைக் காட்டும் சின்ன அம்புக்குறி அப்போதுதான் முகம் திருப்பியது. துறைமுகப் பக்கமாக நகரத் தொடங்கியது.

படத்தில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிப் புள்ளியும் போனதும் அவள் மூச்சு விட்டாள்.

அப்புறம்தான் திரையின் கறுத்த ஓரத்தில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால், காலி நாற்காலிகளுக்கு நடுவே, சுவர்வரைக்கும் சிவப்புப் புள்ளிகள். எல்லாம் தோள் உயரத்தில்.

சிமெண்ட் தரையில் தண்ணீர் சொட்டியது.

அவள் திரும்பவில்லை. அவர்களும் நெருங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். எண்பது வருடம் யாரும் கூப்பிடாதவர்கள்.

தேடல் கப்பலுக்கு நேரடியாக எழுதத் திரையில் ஒரு பெட்டி உண்டு. அதைத் தொடவே கூடாது என்பது அலுவலகத்தின் முதல் விதி. ஷாலினியின் சிரிப்பு ஒரு கணம் வந்து போனது. வீட்டு வாடகைக்கு இந்தச் சம்பளத்தை நம்பியிருக்கும் பிரீத்தியின் முகமும்.

பெட்டியைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், படத்தின் எண்ணை எழுதினாள். பின்னால் சொட்டுச் சத்தம் நின்றது. எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படிப்பது போலிருந்தது.

'தப்பு என்னுடையது. அது பாறையல்ல. முப்பத்தாறு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். தயவுசெய்து கப்பலை நிறுத்துங்கள். திரும்பி வாருங்கள்.'