உப்புச் சாக்கு

வத்தலக்குண்டில் சாலையை அகலமாக்கியபோது நுஸைபாவின் வீடு போனது. வீட்டுக் கிணற்றையும் மண் போட்டு மூடிவிட்டார்கள். கிணற்றடியில் அம்மா வளர்த்த புதினாவில் ஒரு கைப்பிடி மட்டும், காது உடைந்த குவளை ஒன்றில் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தது.

புது வீட்டில் அம்மா யாரிடமும் அதிகம் பேசவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீடே உம்மென்று கிடந்தது.

அத்தா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். ஆட்டுத்தோல் கெடாமல் இருக்க நாள் முழுக்க உப்புத் தடவுவார். அதனாலோ என்னவோ, வீட்டில் வைக்கும் எந்தக் குழம்பிலும் அவருக்கு உப்புப் பத்தாது.

அம்மாவின் வாடிய முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், அத்தா கொல்லையைக் கொத்திப் பாத்தி கட்டினார். நண்பர் சூசையின் ஆட்டுப் பட்டியிலிருந்து ஆறு சாக்குப் புழுக்கையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்து கொட்டினார். அம்மா பாதிப் புதினாவைக் கொடுத்தாள். அவரே நட்டார்.

ஐந்தே நாளில் அது கருகிச் செத்தது.

"இந்த மண்ணுக்கு நம்மளப் பிடிக்கல," என்றாள் அம்மா.

குவளையில் மிச்சம் மூன்று தண்டுகள்தான். அவையும் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. இதுவும் போனால் அம்மா பழையபடி ஆகவே மாட்டாள் என்று நுஸைபாவுக்குத் தோன்றியது.

யாரிடமும் சொல்லாமல் அவள் இரண்டு கொட்டாங்கச்சி எடுத்தாள். ஒன்றில் பாத்தி மண், இன்னொன்றில் வேலியோரத்து மண். இரண்டிலும் வெந்தயம் ஊன்றித் தண்ணீர் தெளித்தாள். நான்காம் நாள் வேலியோரத்து மண்ணில் வெந்தயம் தலை நீட்டியது. பாத்தி மண்ணில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதே வெள்ளை, சுவரில் காய்ந்த புழுக்கைச் சாக்குகளிலும் இருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தவள் உடனே துப்பினாள். எல்லாம் கிடங்கிலிருந்து அத்தா எடுத்துவந்த உப்புச் சாக்குகள்.

அத்தா வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளைத் தள்ளி வந்தது அவள் கண்முன் நின்றது. அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தா, புழுக்கை நல்லதுதான். சாக்குலதான் உப்பு."

அத்தா பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானே கொன்னுட்டேனேம்மா," என்றார்.

"இன்னும் மூணு இருக்குல்ல," என்று நுஸைபா மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். உப்பைக் கழுவிவிட வழியில்லை. இருவரும் பாத்தியை ஒரு முழ ஆழம் வெட்டி, அந்த மண்ணை அப்புறப்படுத்தினார்கள். வேலியோரத்து மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். புழுக்கை இந்தத் தடவை மூங்கில் கூடையில் வந்தது.

நட்ட மூன்றில் இரண்டு வாடிப்போயின. மூன்றாவது, பத்தாம் நாள் துளிர்த்தது.

நுஸைபா அம்மாவின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துவந்தாள். அம்மா குனிந்து அந்தத் துளிரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, முதலில் நட்டது ஏன் செத்தது என்று கேட்டாள். அத்தாதான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தக் கொழம்பு வச்சாலும் உப்புப் பத்தலன்னு சொல்லுவீக. செடிக்குமா பத்தல?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வத்தலக்குண்டை விட்டு வந்த பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது. பிறகு அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துவர, கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே போனாள்.