தாழிக்கு மேலே நிற்பவள்

லமாரா அறைச் சாவியை மேசைமீது வைத்தாள். அந்த ஒலி இருமுறை கேட்டது. முதலில் மேசையில், பித்தளை மரத்தில் மோதும் சாதாரண ஒலியாக. பிறகு, ஓர் இமைப்பொழுது கழித்து, தரைப்பலகைகளுக்கு அடியிலிருந்து.

அவள் சாவியை எடுத்து மறுபடியும் வைத்தாள். இம்முறை அடியிலிருந்து வந்த ஒலி சற்றுத் தாமதித்து வந்தது, யாரோ பார்த்துவிட்டு அதேபோல் செய்ததைப் போல. பழைய கட்டடம், கீழே மதுக்கிடங்கு, வெற்றிடம் ஒலியைத் திருப்பித் தரும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, படுக்கை விரிப்பின் கோணலாகக் கிடந்த ஓரத்தை இழுத்து நேராக்கினாள். முப்பது ஆண்டுகள் தலைநகர் திபிலீசியில் ஒரு மருத்துவமனையின் சலவையகத்தை நடத்தியவளுக்குக் கோணலான விரிப்பு பொறுக்காது. மற்றவை எல்லாம் பொறுக்கும். நாற்பது ஆண்டுகளாக அவளுக்கு எதுவும் பெரிதாக வலித்ததில்லை. கணவனைப் புதைத்த நாளில்கூட, மண்வெட்டி துருப்பிடித்திருக்கிறதே என்றுதான் தோன்றியது.

இந்த வீடு ஒரு சிற்றரசனுடையதாக இருந்து, கூட்டுப்பண்ணையுடையதாகி, இப்போது வெள்ளைத் திரைச்சீலைகளும் வெந்நீர்க் குழாய்களும் பொருத்திய விடுதியாகியிருந்தது. கூட்டுப்பண்ணைக் காலத்தில் அவளுடைய தந்தைதான் இங்கே மதுத் தாழிகளைக் காத்தவர். இப்போது அவளுடைய மகன் பெக்கா அதே வேலைக்கு அமர்ந்திருக்கிறான். சாளரத்துக்கு வெளியே திராட்சைக் கொடிகள் ஆற்றுவரை வரிசையாக இறங்கின. அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பழுத்த திராட்சையின் இனிப்பு மணத்துக்குள், மிக மெல்லிதாக, கந்தகமும் ஈரக் களிமண்ணும் வீசின. அந்த இரண்டாவது மணம் தாழியுடையது என்று அவள் அடையாளம் கண்டாள். கண்டபின் சாளரத்தை மூடினாள்.

மதிய உணவுக்கு வால்நட் அரைத்துப் பூசிய கத்தரிக்காயும் பாலாடைக்கட்டி அப்பமும் வைத்திருந்தார்கள். விடுதியை நடத்தும் மேகி, முப்பது வயதுக்காரி, லமாராவின் எதிரில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அத்தை, தட்டு அப்படியே இருக்கே. எங்க சமையக்காரி பாத்தா அழுதுடுவா."

"அழட்டும். கத்தரிக்காயில உப்பு ஜாஸ்தி."

பெக்கா வாய் நிறைய அப்பத்தோடு சிரித்தான். "நான் சொல்லல, மேகி? எங்கம்மா சொர்க்கத்துக்குப் போனாலும் மொதல்ல அங்க திரைச்சீலையில கறை இருக்கான்னுதான் பாப்பாங்க."

"இருந்தா தொவைச்சுக் குடுத்துட்டு வருவேன். வாயை மூடிச் சாப்புடுடா."

மேகி கண்ணாடிக் குவளையில் பொன்னிற மதுவை ஊற்றினாள். லமாரா குடிக்குமுன் அப்பத் துண்டில் இரண்டு சொட்டு விட்டாள், இறந்தவர்களுக்கு. கை தானாகச் செய்யும் பழக்கம்.

"மூணு மணிக்கு எறங்குறேம்மா," என்றான் பெக்கா. "ஏழாவது தாழியில."

"ஆறு தாழி போதாதா?"

"அதுதான் எல்லாத்துலயும் பெருசு. நாப்பது வருஷமா மேல கல்லு வெச்சு, களிமண்ணு பூசி வெச்சிருந்தாங்க. போன வாரம்தான் தொறந்தோம். ஒரு விரிசல் இல்ல, தெரியுமா? சும்மா விட மனசு வருமா?" குரலைத் தாழ்த்தினான். "மாமா செத்தது அதுலயாம்மா?"

"இல்ல. அது வேற."

அவள் பொய் சொன்னாள். முகம் மாறவில்லை.

"வாயு பாக்குற கருவி இருக்கு, காத்தாடி இருக்கு. ஆனா மேல ஒரு ஆள் நின்னு பாடணும்ல, அதுக்கு மட்டும் கருவி வரல. நீ நிக்க மாட்டேன்னா மேகியை நிக்க வெச்சுக்குறேன். அவளுக்குப் பாட்டும் வராது, பயமும் வராது."

"டேய், நான் நல்லாத்தான் பாடுவேன்," என்றாள் மேகி. "நாய்தான் ஊளையிடும்."

"நான் நிக்கிறேன்," என்றாள் லமாரா. அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

கழுத்தளவு மண்ணில் புதைத்த தாழிக்குள் ஆள் இறங்கி, செர்ரிமரப் பட்டையால் செய்த துடைப்பத்தால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். தேய்ப்பவன் ஒரு வரி பாடுவான். மேலே நிற்பவர் மறுவரி பாடுவார். அடியில் தேங்கும் வாயு ஓசையில்லாமல் ஆளைக் கொல்லும்; குரல் வருகிறவரை மூச்சு இருக்கிறது. குரல் நின்றால் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் வெளியே வரும்வரை மேலே நிற்பவர் பாட்டை நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான் விதி. லமாராவுக்குப் பத்தொன்பது வயதாகியிருந்தபோது, பதினாறு வயதுத் தம்பி ஜும்பேர் ஏழாவது தாழியில் இறங்கினான். விதியை அவள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். அவன் பாடினான், அவள் பாடினாள். எப்போதோ அவன் நிறுத்திவிட்டிருந்தான். அவளுடைய வரியைத் தாழி அவளிடமே திருப்பித் தந்தது. உள்ளே போகும் எந்தக் குரலையும் அந்தத் தாழி ஒரே குரலாக்கிவிடும். அரைமணி நேரம் அவள் தன்னோடு தானே பாடிக்கொண்டிருந்தாள். அன்று பாட்டு மிக நன்றாக அமைந்ததாக அவளுக்கு நினைவு.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அறையைப் பூட்டுவதற்குச் சாவியை எடுக்கப் போனாள். சாவியின் ஒலி தரைக்கு அடியில் கேட்டது. அதன் பிறகுதான் அவள் கை சாவியைத் தொட்டது. விரல் நழுவி, அது மேசையில் விழுந்தது.

அதை எடுத்தாள். பிறகு பூட்டினாள்.

விருந்தாளிகள் கொடிகளைப் பார்க்கப் போயிருந்தார்கள். கிடங்கின் படிகளில் இறங்க இறங்க வெளியிலிருந்த வெயிலும் தேனீக்களின் இரைச்சலும் ஒவ்வொரு படியாகப் பின்தங்கின. கல்லின் குளிர் கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது. மண்தரையில் ஆறு கல்மூடிகள் வரிசையாகக் கிடக்க, கடைசியில், சுவரோரம், ஏழாவது வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. ஏணியின் இரு கொம்புகள் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. தூணில் கட்டிய கயிறு விறைப்பாக உள்ளே போயிற்று. தேய்க்கும் ஓசை வந்தது. பாட்டும் வந்தது.

அவள் வருவதற்குள் இறங்கிவிட்டான். பொறுமை என்பது அறவே இல்லை.

"பெக்கா! ஆள் வர்றதுக்குள்ள எறங்கலாமா? அறிவு இருக்கா உனக்கு?"

பதிலாக அடுத்த வரி வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாழியின் வாயோரம் மண்டியிட்டு, தன் வரியைப் பாடினாள். நாற்பது ஆண்டுகளாகப் பாடாத வரி அது. தொண்டையில் அப்படியே இருந்தது.

அது மூன்று குரல் பாட்டு. அடிக்குரல் தந்தையுடையது, நடுக்குரல் அவளுடையது, மேல்குரல் ஜும்பேருடையது. இப்போது தாழியிலிருந்து வந்தது மேல்குரல். பெக்காவுக்கு மேல்குரல் வராது என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.

தேய்க்கும் ஓசை. வரி. மறுவரி. பிறகு தேய்க்கும் ஓசை நின்றது. பாட்டு மட்டும் வந்தது.

இது அவன் குரலா, தன்னுடையதா? அன்றும் இப்படித்தான் இருந்தது. இதே இனிமை. கயிற்றை இழுக்கலாம், ஆனால் பாட்டுதான் வருகிறதே. குரல் வரும்போது இழுப்பது விதியில் இல்லை. நாற்பது ஆண்டுகளாக அவள் யோசித்து வைத்திருந்த சோதனை ஒன்று இருந்தது. எதிரொலிக்கு அறிவு கிடையாது, கொடுத்ததையே திருப்பும். எருது ஆற்றுத்துறைக்கு வந்தது என்று பாட வேண்டிய இடத்தில், எருது சந்தைக்கு வந்தது என்று வேண்டுமென்றே தவறாகப் பாடினாள்.

தாழி மௌனமாயிற்று.

பிறகு, கேலியாக, இழுத்து: "துறைக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சுக்குள், எலும்புக்கு அடியில், இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்தது. உயிருள்ளவன்தான் திருத்துவான். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அவள் பாடினாள். வாய் கொள்ளாமல் பாடினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"அம்மா?"

குரல் பின்னாலிருந்து வந்தது.

பெக்கா படியின் அடியில் நின்றான். காலில் உலர்ந்த காலணி. கையில் கருவி.

"காத்தாடிக்குக் கம்பி தேடிட்டிருந்தேன், லேட்டாயிடுச்சு. யார்கூடம்மா பாடுற?"

தாழியிலிருந்து அடுத்த வரி எழுந்தது.

"ஐயோ. யாரு எறங்கினது? விருந்தாளி யாராவதா?" அவன் ஓடி வந்தான்.

போகாதே என்று அவள் சொல்ல வேண்டும். ஆனால் மேலே நிற்பவர் நிறுத்தக் கூடாது. வாய் அவள் சொல் கேட்கவில்லை. அது மறுவரியைப் பாடிக்கொண்டிருந்தது, ஒழுங்காக, ஓர் அசையும் பிசகாமல். கண் மட்டும் பார்த்தது. அவன் கருவியை வீசினான். குப்புறப் படுத்தான். தோள்வரை கையை உள்ளே விட்டான்.

"புடிச்சுக்கோ! என் கையைப் புடிச்சுக்கோ!"

பிடித்துக்கொண்டது.

"புடிச்சுட்டான்மா, இழு, கயித்தை இ—"

அவன் போனான். சத்தமில்லை. காலுறைக்குள் கால் போவதுபோல் போனான். உலர்ந்த காலணிகள் கடைசியாக.

"பெக்கா!"

பாட்டை நிறுத்தியது அவள்தான். முதன்முறையாக.

கயிற்றை இழுத்தாள். இரு கைகளாலும், முழு உடம்பாலும். அது கனமின்றி வந்தது. முனையில் முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் யாரும் இல்லை. சிறிய முடிச்சு. பதினாறு வயது இடுப்புக்கு ஏற்றது.

குளிர். களிமண். கந்தகம்.

பிறகு மேல்குரல் தொடங்கியது. அதற்குக் கீழே, தயங்கி, அடிக்குரல் சேர்ந்தது. அடிக்குரல் அவனுக்கு நன்றாக வரும். இரண்டும் இழைந்தன. நடுவில் ஓர் இடம் விட்டு, காத்திருந்தன.

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். பாடமாட்டாள்.

நடுக்குரல் கேட்டது.

தாழியின் அடியிலிருந்து. அவளுடைய குரல். பொத்திய கைகளுக்குப் பின்னால் அவள் வாய் மூடியே இருந்தது.

சாவி நினைவுக்கு வந்தது. ஒலி முதலில். பிறகுதான் கை.

கீழே மூன்று குரல்களும் நிறைவாக, பிசிறின்றிப் பாடிக்கொண்டிருந்தன. லமாரா தன் வலது காலைப் பார்த்தாள். அது ஏணியின் முதல் படியில் இருந்தது.